கட்டற்ற மென்பொருளும் மூடிய செலுத்தியும்

கணினியின் வன்பொருளையும் அதனை ஆளும் பணிசெயல் முறைமையையும் இணைக்கும் நிரலே செலுத்தி எனப்படுவது. திரையில் உருவங்களை ஆக்கும் வரைவியல் அட்டைக்கும் செலுத்தி இன்றியமையாதது. அட்டையின் எப்பதிவகத்தில் எதனை எழுதினால் எத்தொழில் நிகழும் என்னும் அறிவு அச்செலுத்தியிலேயே பொதிந்துள்ளது. உற்பத்தி நிறுவனம் அவ்வறிவை வெளியிடாதவிடத்து, ஏனைய பகுதிகள் யாவும் திறந்திருப்பினும், கணினி முழுமையாகப் பயனாளர் கைவசமாவதில்லை.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றமே இத்தகையதொரு சிக்கலோடு தொடர்புடையது. 1980 அளவில் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடமொன்றில் அச்சுப்பொறியின் மூல நிரல் மறுக்கப்பட்டமை றிச்சட் ஸ்ரோல்மனின் சிந்தனையைத் தூண்டியது. 1983 இல் அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991 இல் லினக்ஸ் கருநிரல் தோன்றியது. இங்கு 'கட்டற்ற' என்பது விலையின்மையைக் குறிப்பதன்று. பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பகிரவும் உள்ள உரிமையையே அது சுட்டும்.

வரைவியல் அட்டைகளைப் பொறுத்தவரை இவ்வுரிமை நெடுங்காலம் எட்டாதிருந்தது. என்விடியா நிறுவனம் லினக்ஸுக்கு வழங்கிய செலுத்தி இயந்திரமொழி வடிவிலேயே கிடைத்தது. அதனைக் கருநிரலோடு பொருத்தும் மெல்லிய இடைப்படை மாத்திரமே வாசிக்கத்தக்கதாயிருந்தது. லினக்ஸ் கருநிரலின் உள்ளிடைமுகங்கள் அடிக்கடி மாறுவன. ஆகவே, மூடிய செலுத்தியை மாற்றந்தோறும் இயைபாக்க வல்லவர் அந்நிறுவனத்தினரே. அச்செலுத்தி ஏற்றப்பட்ட கருநிரல் தன்னை 'மாசுற்றது' எனக் குறித்துக்கொள்ளும். அந்நிலையில் எழும் பிழைகளை ஆராயக் கருநிரலாளர் பொதுவாக முன்வருவதில்லை.

இதற்கு எதிர்வினையாக, அட்டையின் நடத்தையை நோக்கி அதன் இயல்பை உய்த்தறியும் நூவோ திட்டம் எழுந்தது. 2010 இல் அது கருநிரலிற் சேர்க்கப்பட்டது. எனினும், 2014 முதல் வெளிவந்த அட்டைகள் நிறுவனம் கையொப்பமிட்ட உள்நிரலை வேண்டி நின்றமையால், அவற்றின் வேகத்தை உயர்த்த நூவோவால் இயலவில்லை. 2012 இல் லைனஸ் ரோவால்ட்ஸ் பின்லாந்தில் மேடையிலேயே அந்நிறுவனத்தைக் கடுஞ்சொல்லாற் கண்டித்தார். மறுபுறம், ஏ.எம்.டி. 2007 இல் தன் அட்டைகளின் விபரக்குறிப்புகளை வெளியிடத் தொடங்கியது. இன்டெலும் திறந்த செலுத்திகளையே பேணிற்று. 2022 இல் என்விடியா கருநிரற் பகுதியின் மூல நிரலை வெளியிட்டது. ஆயினும், பயனாளர் பக்கத்துப் பகுதியும் உள்நிரலும் மூடியனவாகவே உள்ளன.

நம்மவர்க்கு இதனால் நேர்வது யாது? பல்லேகலவை அடுத்த ஒரு பாடசாலையில் 2010 அளவில் வெளிவந்த என்விடியா அட்டை கொண்ட கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். அவ்வட்டைகளுக்கான 390 வரிசைச் செலுத்தியின் ஆதரவு 2022 இறுதியுடன் நிறுத்தப்பட்டது. பழைய கருநிரலோடு பாதுகாப்பின்றி இருத்தல், அன்றி நூவோவுடன் மந்தமாக இயங்குதல் என்பனவே எஞ்சும் வழிகள். பொறியோ பழுதுறவில்லை, அதன் ஆயுளை முடித்தது தூரத்து நிறுவனத்தின் முடிவே. புதிய கணினிக்கு அந்நியச் செலாவணி செலவிடும் நாட்டிற்கு இது சிறு இழப்பன்று. ஏ.எம்.டி.யின் அக்காலத்து அட்டைகள் பல, திறந்த செலுத்தியால் இன்றும் இயங்குதல் ஒப்புநோக்கற்பாலது.

கொள்கைத் தூய்மையை மாத்திரம் வலியுறுத்துவோர் மூடிய யாதொன்றையும் ஏற்பதில்லை. ஆனால், திரை ஒளிராத கணினியால் மாணவனுக்குப் பயனில்லை. பேராதனைக்கு மேலெழும் மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, 2009 அளவில் இலங்கையர் உருவாக்கிய ஹந்தான லினக்ஸ் இம்முரண்பாட்டை எதிர்கொண்டது. தனக்கு அடியாயமைந்த ஃபெடோரா சேர்க்காது விட்ட பல்லூடகக் கோடெக்குகளைச் சாதாரண பயனாளர் நலன் கருதி அது சேர்த்தளித்தது. டெபியன் குழுவினரும் 2022 இல் வாக்கெடுத்து, மூடிய உள்நிரல்களை நிறுவல் வட்டிற் சேர்க்க இசைந்தனர்.

இவ்விணக்கங்கள் தேவையின் விளைவுகள். அவற்றிற்காகப் பயனாளரைப் பழித்தல் முறையன்று. தீர்வு கொள்வனவு வேளையிலேயே தொடங்க வேண்டும். பல்கலைக்கழகங்களும், பல்லேகலவில் இயங்கும் மாகாண நிர்வாகமும் கேள்விப்பத்திரம் கோருகையில், திறந்த செலுத்தியுள்ள வன்பொருளையே நிபந்தனையாக்கலாம். தனியொருவரின் வேண்டுகோளைப் புறக்கணிக்கும் நிறுவனம், பெருந்தொகையாகக் கொள்வோரின் நிபந்தனையை எளிதிற் புறக்கணிக்காது. பொதுப்பணத்தாற் பெற்ற பொறியின் ஆயுளைப் பொதுமக்களே தீர்மானித்தல் வேண்டும் என்பதே இதன் சாரம்.