மூன்று திசைக்கு ஒரே பலகை

செங்கலடிச் சந்தியில் இரண்டு பெரிய வீதிகள் கூடுகின்றன. ஒன்று, மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ15. மற்றது, பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, மகாஓயா வழியாக வந்து இங்கே முடியும் ஏ5. இந்தச் சந்தியின் பஸ் நேரங்களைக் காட்டும் இணையத்தளம் ஒன்றை உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பு, திருகோணமலை, பதுளை என மூன்று திசைகளுக்கும் நேரப் பலகை வேண்டும். அவை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்க வேண்டும். மொத்தம் ஒன்பது பலகைகள்.

ஒன்பதையும் தனித்தனியே எழுதினால், எழுத்தின் அளவை மாற்றக்கூட ஒன்பது இடங்களில் கைவைக்க வேண்டும்.

பேஸ்புக் 2013இல் வெளியிட்ட ரியாக்ட், எவான் யூ 2014இல் வெளியிட்ட வியூ போன்ற கருவிகளில் பலகையை ஒரே தடவை ஒரு ‘கூறாக’ எழுதிவிடலாம். திசை, மொழி, காட்டவேண்டிய பஸ்களின் எண்ணிக்கை எதுவும் அதற்குள் நிலையாகப் பதிக்கப்படுவதில்லை. கூறைப் பயன்படுத்தும் பக்கமே அவற்றைக் கொடுக்கிறது. நிரலாளர்கள் இவற்றை ‘ப்ரொப்ஸ்’ என்கிறார்கள். எண்ணிக்கையைக் கொடுக்க மறந்தால் ஐந்து பஸ்களைக் காட்டு என்று இயல்புநிலை மதிப்பொன்றையும் கூறில் எழுதிவைக்கலாம்.

ப்ரொப்ஸைக் கூறு வாசிக்கலாம்; மாற்றக்கூடாது. பலகை தன்பாட்டில் மொழியை மாற்றிக்கொண்டால், பக்கம் சொல்வதும் திரையில் தெரிவதும் முரண்படும். ஆகவே பயணி மொழிப் பொத்தானை அழுத்தியதும் பலகை அதைப் பக்கத்துக்கு அறிவிக்கிறது. பக்கம் புதிய மொழியைத் திரும்பக் கொடுக்கிறது.

மதிப்பின் வகையிலும் கவனம் வேண்டும். பஸ் 10 நிமிடம் தாமதம் என்பதை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகக் கொடுத்துவிட்டு அதனுடன் 5ஐக் கூட்டினால், ஜாவாஸ்கிரிப்ட் 15 என்று சொல்லாது. இரண்டையும் ஒட்டி 105 என்று காட்டும். வீதியோரம் காத்திருப்பவருக்கு அது ஒன்றேமுக்கால் மணிநேரத் தாமதம்! மைக்ரோசொஃப்ட் 2012இல் அறிமுகப்படுத்திய டைப்ஸ்கிரிப்டில், தாமதம் எண்ணாகவே வரவேண்டும் என்று முன்கூட்டியே குறித்துவைத்தால், நிரல் ஓடுமுன்பே இந்தப் பிழை பிடிபடும்.

பக்கம் பெரிதாகும்போது, மொழி போன்ற பொது அமைப்பைப் பல அடுக்குக் கூறுகளின் ஊடாகக் கைமாற்றுவது சிரமம். இதற்கு ரியாக்டில் ‘கொன்டெக்ஸ்ட்’ இருக்கிறது. அதன் இன்றைய வடிவம் 2018இல் வந்தது. மேலே ஓரிடத்தில் மொழியை வைத்தால், உள்ளேயுள்ள எந்தக் கூறும் நேரடியாக எடுத்துக்கொள்ளும். திசை அப்படியல்ல. அது பலகைக்குப் பலகை வேறுபடுவதால் ப்ரொப்ஸாகவே கொடுக்கப்பட வேண்டும்.