501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய்

2025 டிசம்பர் 31-க்குள் ஏ.சி. வாங்கிவிட வேண்டுமா? வாசகர் கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்டன. ஜனவரி 1, 2026 முதல் எரிசக்தித் திறன் பணியகம் ஸ்டார் அளவுகோலை இறுக்கியது. அதற்கு முன் 5 ஸ்டார் ஒட்டியிருந்த ஏ.சி. அன்றைக்கு 4 ஸ்டார் ஆகிவிட்டது. ‘விலை ஏறப் போகுது, இப்பவே எடுத்துடுங்க சார்’ என்று கடைகளில் துரத்தினார்கள்.

மாறியது ஸ்டிக்கர், பெட்டிக்குள் இருக்கும் இயந்திரம் அதேதான். எனவே ஸ்டாரை எண்ணாதீர்கள். ஸ்டிக்கரில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு கூடுதலோ அவ்வளவு சிக்கனம். கூடவே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. அதாவது எட்டு மணி நேரம் வீதம் 200 இரவு. சித்திரை வெயிலுக்கு மட்டும் ஏ.சி.யைத் தொடும் வீட்டில் பாதி நேரம்கூட ஓடாது. விற்பனையாளர் சொல்லும் மிச்சமும் பாதியாகக் கரைந்துவிடும்.

ஸ்டார் பற்றி இவ்வளவு விசாரிப்பவர்கள் கேட்காமல் விடுவது ஒன்று: மிச்சமாகும் ஒரு யூனிட் உங்கள் வீட்டில் என்ன விலை?

எல்லா வீட்டுக்கும் ஒரே விலை இல்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் திருத்திய வீட்டு மின்கட்டணம்தான் 2025-லும் நாம் கட்டியது; இங்கே உள்ள கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். 2025-ன் உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த நூறுக்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. இந்த 2.35 என்பது 4.70-ல் சரிபாதி, மீதிப் பாதி மானியம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் அந்த மானியம் முழுசாகப் பறிபோகிறது. 501-வது யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் விலை போடுகிற ஏற்பாடு அல்ல இது. கீழே இருந்த 100 யூனிட்டும் 2.35-லிருந்து 4.70-க்குத் தாவிவிடும்.

500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, ஆயிரம் வரை 10.50 என்று படி ஏறிக்கொண்டே போகும்.

இப்போது ஒரு மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். பழைய விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 15 மணி நேரம் சுற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். கழிவது எப்போதும் மேல் படியிலிருந்துதான். ஆகவே 200 யூனிட் ஓடும் வீட்டில் அந்த விசிறி ஒரு பில்லுக்கு 94 ரூபாய் மிச்சப்படுத்தும். 400 ஓடும் வீட்டில் 188. ஆயிரம் ஓடும் வீட்டில் 420. 520 ஓடும் வீட்டில்? பில் 2,208-லிருந்து 1,679-க்கு இறங்கும்: 529 ரூபாய். சாதாரண விசிறியைவிடக் கூடுதலாகக் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் இந்த வீட்டுக்கு மூன்று பில்லில் திரும்பிவிடும். 200 யூனிட் வீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். நூறுக்குள் ஓட்டும் குடும்பத்துக்குப் பைசா வராது. அங்கே பழைய விசிறி தானாகக் கெட்டுப்போகும்வரை சுற்றட்டும்.

ஏழைக்கு மானியம், அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை என்று மின்வாரியம் இதை நியாயப்படுத்துகிறது. கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டில் 480 ஓடினால் மானியம் உண்டு. தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேர் ஒரே மீட்டரில் 520 ஓட்டினால் இல்லை. யார் ஏழை, யார் பணக்காரர் என்று மீட்டருக்கு எப்படித் தெரியும்?

இதைவிட உறுத்துவது நாள் கணக்கு. தினம் 8 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அறுபதாம் நாள் ரீடிங் எடுத்தால் 480. மூன்று நாள் தள்ளி எடுத்தால் 504. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்ன மாதாந்திரக் கணக்கீடு 2025 முடியும்வரை வரவில்லை. அது வரும்வரை ரீடிங் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, ஐம்பதாம் நாள் வாக்கில் மீட்டரைப் போய் ஒருமுறை பாருங்கள். அதுவரை ஓடியது 400 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மீதி நாட்களுக்கு கீசரையும் மோட்டாரையும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். செலவே இல்லாத ‘மேம்பாடு’ இதுதான். எந்தக் கையேட்டிலும் இதைப் போடமாட்டார்கள்.

வேலையைத் தொடங்கும் வரிசை இந்தக் கணக்கிலிருந்தே வரும். கடைசி ஆறு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐ ஒட்டி ஊசலாடும் வீடு என்றால், அதிக நேரம் சுற்றும் இரண்டு விசிறியை மாற்றினாலே போதும். ஆண்டு முழுக்க 800-க்கு மேல் ஓடும் வீட்டில்தான் ஏ.சி., ஃபிரிட்ஜ் மாற்றுவது பற்றிப் பேசலாம். மேல்மாடியில் குடியிருப்பவர்கள் அதற்கும் முன்பு மொட்டைமாடியைக் கவனியுங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டைக் கீழே இறக்கும். வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அந்தச் சூடு குறையும், ஏ.சி.யின் பாடும் குறையும். கீழ்வீட்டுக்காரருக்கு இதில் பலன் சொற்பம்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வாடகை வீடு, சப்-மீட்டர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்கிறார் உரிமையாளர்? இலவசமும் இல்லை, மானியமும் இல்லை. நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய். விசிறியை வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போங்கள்.

நன்றாக ஓடும் 3 ஸ்டார் ஏ.சி.யை மாற்றலாமா? வேண்டாம்.

24 டிகிரியில் வைத்து, கூடவே விசிறியும் போடலாமா? போடுங்கள், விசிறி இழுப்பது ஏ.சி.க்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சூரியத் தகடு? மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். 500-க்குள் ஓடும் வீடு அவசரப்பட வேண்டாம்.

பிளக்கில் பொருத்தும் ‘மின்சேமிப்பு’ டப்பா? ஏமாற்று.

பழைய ஃபிரிட்ஜை மாடியறைக்கு அனுப்பிவிட்டுப் புதுசு வாங்கினோம், பில் ஏறிவிட்டது ஏன்? இரண்டும் ஓடுகிறதே!