சீட்டைப் பார்க்காமல் ஓட்டிய பம்ப்! 167 பேரைப் பலிகொண்ட பயங்கரம்

ஒற்றைத் தண்டவாளம் போட்ட சிறிய ரயில்வே ஸ்டேஷன்களில் முன்பெல்லாம் ஒரு வேடிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ரயில் உள்ளே நுழையும்போது எஞ்சினிலிருந்து ஒருவர் ஒரு வளையத்தை வீசுவார். ஸ்டேஷன் சிப்பந்தி இன்னொரு வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். அதில் ஒரு சிறு பை. பைக்குள் ஓர் இரும்புக் குண்டு. அந்தக் குண்டு கைக்கு வராமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க மாட்டார். "வழி காலியாக இருக்கிறது, இப்போது அது உனக்கு மட்டுமே" என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒரு குண்டு வெளியே இருக்கும் வரையில், இரண்டு ஸ்டேஷன் யந்திரங்களும் இன்னொரு குண்டைத் தரமாட்டா!

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் இதே காரியத்தை ஒரு காகிதம் செய்கிறது. 'ஒர்க் பர்மிட்' என்று சொல்வார்கள். பர்மிட் என்றதும், மதுவிலக்கு அமலில் இருந்த நாட்களைப் பார்த்த பெரியவர்களுக்கு வேறு ஞாபகம் வரலாம். இது அந்தப் பர்மிட் அல்ல!

எண்ணெய்க் குழாயின் பக்கத்தில் வெல்டிங் வைக்க வேண்டும். அல்லது ஒரு பம்பைக் கழற்ற வேண்டும். அல்லது தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டும். உடனே சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. என்ன வேலை, எந்த இடம், எந்த வால்வை மூட வேண்டும், எந்த மின்சாரத்தை நிறுத்த வேண்டும், வாயு சோதனை செய்தது யார், எத்தனை மணி வரை வேலை செய்யலாம் என்று எல்லாம் சீட்டில் எழுதப்படும். ஆலையை ஓட்டுகிறவர் ஒரு கையெழுத்து, வேலை செய்கிறவர் ஒரு கையெழுத்து. வேலை முடிந்ததும் சீட்டு திரும்பி வரவேண்டும். அது திரும்பாத வரை யந்திரத்தை ஓட்டக் கூடாது.

கேட்பதற்கு ஏதோ குமாஸ்தா வேலை போலத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சீட்டு இருந்தும் இல்லாததுபோல் ஆனதால் என்ன நடந்தது என்று பாருங்கள்.

கடல் நடுவே ஓர் ஆலை

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே சுமார் 120 மைல் தூரத்தில், வட கடலின் நடுவே, இரும்புக் கால்களில் நின்றது பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடை. ஆக்சிடென்டல் என்ற கம்பெனி நடத்தியது. 1988-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி இரவு அங்கே 226 பேர் இருந்தார்கள்.

இயற்கை வாயுவிலிருந்து பிரியும் திரவ எரிபொருளைத் தள்ளுவதற்கு அங்கே இரண்டு பம்புகள். ஒன்று ஓடும், மற்றது தயாராக நிற்கும். அன்று பகலில் 'ஏ' பம்பைப் பழுது பார்ப்பதற்காக நிறுத்தினார்கள். அதற்கு ஒரு சீட்டு. அதே பம்பின் குழாயில், அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் காப்பு வால்வு ஒன்று உண்டு. அதைச் சோதிப்பதற்காகத் தனியே கழற்றினார்கள். அதற்கு இன்னொரு சீட்டு.

பம்பு வேலை அன்று தொடங்கவே இல்லை. வால்வு வேலையோ தொடங்கி, மாலை ஷிப்டு முடிவதற்குள் முடியவில்லை. வால்வு இருந்த இடத்தை ஒரு இரும்புத் தட்டால் மூடினார்கள். அது வாயு அழுத்தத்தைத் தாங்கும்படி இறுக்கப்படவில்லை. பகல் ஷிப்டு போய் இரவு ஷிப்டு வந்தது. வால்வு இல்லை என்ற செய்தி மட்டும் கைமாறவில்லை. அந்த வால்வோ பம்பின் பக்கத்தில் இல்லை. மேலே, பம்பின் அருகே நிற்பவர் கண்ணில் படாத இடத்தில் இருந்தது.

இரவு சுமார் 9-45 மணி. 'பி' பம்பு நின்றுவிட்டது. எவ்வளவோ முயன்றும் ஓடவில்லை. பம்பு ஓடாவிட்டால் சற்று நேரத்தில் மேடை முழுவதற்கும் மின்சாரம் போய்விடும். 'ஏ' பம்பின் பழுது வேலைச் சீட்டைப் பார்த்தார்கள். வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஆகவே ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வுச் சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. நின்றுபோன வேலைகளின் சீட்டுகள் கட்டுப்பாட்டு அறையில் அல்ல, வேறொரு அறையில் வைக்கப்படுவது அங்கே வழக்கமாக இருந்தது!

10 மணிக்கு வெடித்தது.

தீயணைக்கும் பம்புகள் தாமாக ஓடாதபடி மாற்றி வைக்கப்பட்டிருந்தன. கடலுக்குள் மூழ்கி வேலை செய்வோரை அவை உறிஞ்சிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. குழாய்களால் இணைந்திருந்த பக்கத்து மேடைகளோ, தீயைக் கண்ட பிறகும் கொஞ்ச நேரம் எண்ணெயையும் வாயுவையும் அனுப்பிக்கொண்டே இருந்தன. சுமார் 20 நிமிஷத்தில் பெரிய வாயுக் குழாய் வெடித்தது. தங்கும் விடுதியில் உத்தரவுக்காகக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மாண்டனர். உத்தரவு வரவில்லை. கடலில் குதித்தவர்கள் சிலர் பிழைத்தனர். மேடையில் இருந்தவர்களில் தப்பியது 61 பேர். மீட்க வந்த படகைச் சேர்ந்த இருவரையும் சேர்த்து, இறந்தவர் 167 பேர்.

இதில் நெஞ்சை அறுக்கும் செய்தி ஒன்று உண்டு. அதற்கு முந்தின ஆண்டு செப்டம்பரில் இதே மேடையில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்தார். சீட்டு முறையிலும் ஷிப்டு மாறும்போது செய்தி சொல்வதிலும் இருந்த குறைகள் அப்போதே வெளியாயின. 1988 மார்ச்சில் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நான்கு மாதம் கூட ஆகவில்லை!

விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபு 1990 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். 106 சிபாரிசுகள். விதிகள் இல்லாமல் இல்லை. அன்றாடம் அவை மீறப்பட்டன என்பது தெரிந்தது. வேலை நடந்த இடத்தைப் போய்ப் பாராமலே கையெழுத்துப் போடுவதும், சீட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போவதும் சகஜமாகியிருந்தன. மூடிய வால்வுகளுக்குப் பூட்டும் அடையாளச் சீட்டும் போடவேண்டும் என்பது அவர் சிபாரிசுகளில் ஒன்று. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம் என்பேன். ரயில் குண்டின் ரகசியமும் அதுதானே! காகிதத்தை மறக்கலாம்; பூட்டை எப்படி மறப்பது? இன்று நல்ல ஆலைகளில், வேலை செய்கிற பிட்டரே தம் பூட்டைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அவர் வந்து திறக்கும் வரை மானேஜரே ஆனாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் ஊரில்...

கடல் நடுவே நடந்த கதைதானே என்று இருந்துவிட வேண்டாம். நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-வது பிரிவு என்ன சொல்லிற்று தெரியுமா? விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள்ளோ குழிக்குள்ளோ ஒருவரை இறக்குவதற்கு முன், தகுதியுள்ள ஒருவர் தாமே சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லாவிட்டால், இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து இடுப்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே இவ்வளவு. மதிலுக்கு வெளியே, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியிலும் தெருச் சாக்கடையிலும்? தகுந்த பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அப்படியும் 'விஷவாயு தாக்கிச் சாவு' என்ற செய்தியை நம் பத்திரிகைகள் போட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. பல சமயம் சாவது ஒருவர் அல்ல. முதலில் இறங்கியவர் குரல் கொடுக்கவில்லை என்று, மேலே நின்ற தம்பியோ கூட்டாளியோ பதறிப்போய்க் குதிக்கிறார். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்த வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாமல் போய்விடும். "வாடை இல்லையே" என்று இறங்குகிறவரை அதுவே ஏமாற்றுகிறது.

மேலே நிற்கும் ஆள் கயிற்றை இழுப்பதற்குத்தான், இறங்குவதற்கல்ல. அந்தக் கயிறோ பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.