பச்சை இலை மட்டும் போதுமா?
நம் வாசல் மரங்களின் உடல்நலம் குறித்துச் சில செய்திகள்

ஜூன் இரண்டாவது வாரத்தில் மும்பையில் மழை இறங்கிவிடும். கூரைக்குத் தார்ப்பாய் போடுவது, மாடிக் குழாயில் அடைப்பு எடுப்பது, குடைக்குக் கம்பி மாற்றுவது என்று மே மாதத்திலேயே நம் வீடுகளில் ஆயத்தம் தொடங்கிவிடுகிறது. இந்தப் பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒன்று உண்டு. அது வாசலில் நிற்கும் மரம்.

செம்பூர்வாசிகளுக்கு 2017ஆம் ஆண்டு மறந்திருக்காது. அந்த ஆண்டு ஜூலையில் ஸ்வஸ்திக் பார்க் பகுதியில் காலை நடைக்குப் போன ஒரு பெண்மணியின் மேல் தென்னை மரம் சாய்ந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்துப் பதறியது. அந்த மரத்தை வெட்ட அனுமதி கேட்டு முன்பே மனு போயிருந்தது என்றும், அனுமதி கிடைக்கவில்லை என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. அதே ஆண்டு டிசம்பரில், மழைக்காலம் முடிந்த பிறகு, டயமண்ட் கார்டன் அருகே சாலையோரம் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்மணி மரம் விழுந்து இறந்தார். ஒரே ஆண்டில், ஒரே வட்டாரத்தில், இரண்டு உயிர்கள்.

இதைச் சொல்வது மரங்களைக் கண்டு அஞ்சுவதற்காக அல்ல. 2018இல் வெளியான மாநகராட்சிக் கணக்கெடுப்பின்படி மும்பையில் சுமார் 29.75 லட்சம் மரங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் நிழல் தருகின்றன. ஆனால் எது திடமாக நிற்கிறது, எது உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கிறது என்பதை ஓரளவாவது நாம் கண்டுகொள்ள முடியுமா? முடியும் என்கிறார்கள் மரநூல் வல்லுநர்கள்.

மரம் புண்ணை ஆற்றுவதில்லை

நம் கையில் வெட்டுப்பட்டால் சில நாளில் புதுத் தோல் வந்து புண் ஆறிவிடுகிறது. மரத்துக்கு அப்படி இல்லை. கிளை முறிந்த இடத்தில், ஆணி அடித்த இடத்தில், லாரி உரசிய இடத்தில் கெட்டுப்போன கட்டை மீண்டும் நல்ல கட்டையாவதே கிடையாது. மரம் செய்வதெல்லாம், கெட்ட பகுதியைச் சுற்றி ஒரு வேலி போட்டு அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்ப்பதுதான். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1970களில் இந்த உண்மையை விளக்கினார்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மரத்தில் நீரும் உணவும் ஓடுவது பட்டைக்கு அடியிலும், அதை ஒட்டிய வெளிக் கட்டையிலும்தான். நடுவில் இருக்கும் வைரம் தாங்கும் தூண் மாத்திரமே, அதில் உயிர் ஓட்டம் கிடையாது. ஆகவே நடுத்தண்டு முழுவதையும் பூஞ்சை தின்று தீர்த்த பிறகும் மேலே இலை பச்சைப்பசேல் என்று இருக்கலாம், பூக்கலாம், காய்க்கலாம். "நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது!" என்று மரம் விழுந்த பிறகு எல்லாரும் சொல்வதன் காரணம் இதுவே.

அடியிலிருந்து நுனிவரை

டாக்டர் நாடி பார்ப்பதுபோல மரத்தையும் ஒழுங்காகச் சுற்றிவந்து பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் அடி. பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே, கிளைப் பரப்பையும் தாண்டி ஓடுகின்றன. சமீபத்தில் கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டினார்களா? ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டால் மரம் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று பொருள். அடித்தண்டில் அலமாரித் தட்டுபோல, விசிறிபோல, கெட்டியான காளான் முளைத்திருந்தால் அது கடுமையான எச்சரிக்கை. நாம் காண்பது பூஞ்சையின் காய் மாத்திரமே, அதன் உடல் கட்டைக்குள் பரவியிருக்கிறது.

அடுத்து தண்டு. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பலாப்பழத்தைத் தட்டிப் பழுத்ததா என்று சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வித்தை சொல்லித்தர வேண்டியதில்லை. திடக் கட்டை கணீரென்று பேசும், உளுத்தது டொம்மென்று ஒலிக்கும். நீளவாக்கில் வெடிப்பு, பொந்து, கட்டெறும்பு கொண்டுவந்து கொட்டும் மரத்தூள் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

சாய்வு எல்லாம் ஆபத்தல்ல. பல ஆண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மட்டும் மேல்நோக்கி நிமிர்ந்த மரம் தன்னைச் சமன்செய்து கொண்ட மரம். போன மாதம்வரை நேராக நின்று, இப்போது சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் வெடித்தோ மேடிட்டோ இருந்தால், அன்றைக்கே சொல்ல வேண்டிய மரம்.

பிறகு கவை. இரண்டு பெருங்கிளைகள் விரிந்த கைபோலப் பிரிந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். குறுகலாகப் பிரிந்து நடுவில் பட்டை உள்ளே மடங்கியிருந்தால், இரண்டும் ஒட்டியிருப்பதுபோலத் தோன்றுமே தவிர உண்மையில் ஒட்டவில்லை. காற்றில் அங்கேதான் பிளக்கும்.

கடைசியாகத் தலை. நுனிக்கிளைகள் காய்ந்து வருவது, பருவம் அல்லாத காலத்தில் இலை கொட்டுவது, ஒரு பக்கம் மட்டும் வெளிறுவது ஆகியவை வேரிலோ தண்டிலோ கோளாறு என்பதன் அறிகுறிகள். மாதுங்கா முதல் பல பகுதிகளில் சாலைக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் மும்பையில் இவை பல இடங்களில் மாவுப்பூச்சி தாக்கிப் பட்டுப்போயின. பட்ட மரம் உடனே விழாது. ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு கிளையை உதிர்க்கும்.

தென்னைக்குத் தனிக் கணக்கு

ஊர் நினைவுக்காகவே கம்பவுண்டில் தென்னை வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஆனால் தென்னை மற்ற மரங்களைப்போல ஆண்டுக்கு ஆண்டு தண்டு பருப்பதில்லை. பட்ட காயத்தைச் சுற்றிப் புதுக் கட்டை வளர்க்கவும் அதனால் முடியாது. ஏறுவதற்காக வெட்டிய படிகூட ஆயுள்முழுக்க அப்படியே இருக்கும்.

தஞ்சைக்காரர்களுக்கு "தஞ்சாவூர் வாடல் நோய்" என்ற பெயர் தெரிந்திருக்கும். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத் தோப்புகளை வாட்டியதால் அந்தப் பெயர் வந்தது. கானோடெர்மா என்னும் பூஞ்சை வேரையும் அடித்தண்டையும் அழுகவைக்கும். தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிவது இதன் முக்கிய அடையாளம். பிறகு அடிமட்டைகள் தொங்கும், குரும்பை கொட்டும். சிவப்புக் கூன்வண்டு தாக்கிய மரத்தில் தண்டில் ஓட்டைகளும் அவற்றிலிருந்து வழியும் பிசினும் தென்படும். காதை வைத்துக் கேட்டால் புழு கொறிக்கும் ஓசைகூடக் கேட்கும் என்பது தோப்புக்காரர்களின் அனுபவம். இவற்றில் எது தெரிந்தாலும் தாமதம் கூடாது.

பொந்து விழுந்தால் வெட்டத்தான் வேண்டுமா?

ஒவ்வொரு சொசைட்டிக் கூட்டத்திலும் நடக்கும் விவாதம் இது. கீழ்வீட்டு மாமா, கார் நிறுத்த இடமில்லை என்ற எரிச்சலையும் சேர்த்து, "பொந்து விழுந்துடுத்து, வெட்டித் தள்ளுங்கோ" என்பார். மாடிவீட்டு மாமி, "அரச மரத்தில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது" என்று மறுப்பார். இருவருமே மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்து இயற்பியலாளர் கிளாஸ் மாத்தெக் விழுந்த மரங்களையும் விழாத மரங்களையும் அளந்து, 1990களில் ஒரு கணக்கைச் சொன்னார். நடுத்தண்டு பொள்ளலாக இருந்தாலும், சுற்றிலும் மிஞ்சியிருக்கும் நல்ல கட்டையின் கனம் தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கும் என்பது அது. தண்டு இரண்டடி அகலம் என்றால் ஆரம் ஓரடி, சுவர் நாலு அங்குலமாவது வேண்டும். மூங்கிலும் இரும்புக் குழாயும் உள்ளீடின்றியே வலுவாக நிற்கின்றன அல்லவா! ஆனால் பொந்தின் வாய் பெரிதாகத் திறந்திருந்தாலோ, வேரே அழுகியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. கட்டைக்குள் ஊசித் துளையிட்டும் ஒலியலை செலுத்தியும் உள்நிலையை அளக்கும் கருவிகள் இப்போது உள்ளன. சந்தேகம் உள்ள பெரிய மரத்துக்கு அந்தச் சோதனையைக் கேட்கலாம்.

நோய் கண்ட மரமும் வாழும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கல்கத்தாவுக்கு அக்கரையில் ஷிப்பூர் தாவரத் தோட்டத்தில் உள்ள பெரிய ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டுப் பின் பூஞ்சை பிடித்தது. 1925இல் அதன் நடுமரத்தையே அகற்றினார்கள். விழுதுகளின்மேல் அது இன்றும் தோப்பாகப் பரந்து நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுத்தண்டு 1989இல் புயற்காற்றில் விழுந்தது. விழுதுகள் அந்த மரத்தையும் காத்தன. கெட்ட பாகத்தைக் காலத்தில் நீக்குவதும் மரத்தைக் காப்பதுதான்.

யார் தலைமேல்?

மரத்தின் நிலை ஆபத்தில் பாதிதான். மீதி, அதன் கீழே யார் இருக்கிறார்கள் என்பது. வல்லுநர்கள் மூன்று கேள்வி கேட்கிறார்கள். விழ வாய்ப்பு எவ்வளவு? விழுந்தால் ஆள்மேல் படுமா? பட்டால் சேதம் எவ்வளவு? தாராவி அருகே, குப்பைமேடாக இருந்த இடத்தில் 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவின் உட்புறத்தில் ஒரு பட்ட மரம் நின்றால், கிளிக்கும் மரங்கொத்திக்கும் அது வீடு. அதே மரம் தாராவிச் சந்தில், தகரக் கூரைக்குமேல், கீழே பிள்ளைகள் தூங்கும் இடத்தில் நின்றால் ஒரு மழையைக்கூட நம்பி விடக்கூடாது. பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், கோயில் வரிசை, காய்கறிச் சந்தை ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

பல சமயம் மரத்தை வெட்டாமலே ஆபத்தைக் குறைக்கலாம். பாரமான கிளையைக் கழிக்கலாம், கீழே உள்ள பெஞ்சை நகர்த்தலாம், வண்டி நிறுத்துமிடத்தை மாற்றலாம்.

நாமே வரவழைக்கும் நோய்

மரங்களைக் கெடுப்பதில் நம் பங்கும் இருக்கிறது. அடிவரை சிமெண்ட் பூசினால் வேருக்கு நீரும் காற்றும் போகாது. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை நீக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நம் கம்பவுண்டிலும் அந்த இடத்தை விடலாமே. கடை அண்ணாச்சிகள் பலகை மாட்ட அடிக்கும் ஒவ்வொரு ஆணியும் பூஞ்சைக்கு ஒரு வாசல். மழைக்கு முன் "மொட்டையடித்து" விடுவது மிகப் பெரிய தவறு. தலை முழுதும் வெட்டிய மரம் அவசரமாக விடும் புதுக்கிளைகள் பிடிப்பில்லாமல் வளர்ந்து, சில ஆண்டுகளில் முறிந்து விழும். கிளையைத் தண்டோடு ஒட்டச் சீவவும் கூடாது, நீளக் கட்டையாக விடவும் கூடாது. கிளை தொடங்கும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்துக்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். பொந்தில் சிமெண்ட் அடைக்கும் பழைய வழக்கத்தையும் இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

யாரிடம் சொல்வது?

மகாராஷ்டிரத்தில் 1975ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி நகர்ப்புறத்தில் சொந்தக் கம்பவுண்டு மரமானாலும் அனுமதியின்றி வெட்டுவது குற்றம். 2021இல் வந்த திருத்தம் 50 வயதைக் கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்களாகக் கருதிக் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. தாராவிக்கு ஜி வடக்கு, மாதுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூரின் பெரும்பகுதிக்கு எம் மேற்கு வார்டு ஆபீசில் உள்ள தோட்டப் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். மரம் சாய்ந்துகொண்டிருந்தால் 1916 என்ற எண்ணை உடனே அழைக்கலாம்.

மனுவில் "மரம் ஆபத்தாக உள்ளது" என்று ஒரே வரி எழுதினால், வருபவர் பச்சை இலையைப் பார்த்து "நன்றாக உள்ளது" என்று எழுதிவிட்டுப் போக இடம் உண்டு. காளான் எங்கே, வெடிப்பு எத்தனை அடி, சாய்வு எப்போது தொடங்கியது, கீழே யார் புழங்குகிறார்கள் என்று போட்டோவுடன் எழுதுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த வகையில் சோதித்தார்கள் என்றும் கேளுங்கள்.

பில்டிங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, மே மாதத்தில் ஒருமுறை, தீபாவளி சமயத்தில் ஒருமுறை, ஒவ்வொரு மரத்தையும் ஒரே இடத்தில் நின்று படமெடுத்துக் குறித்து வைக்கலாம். இளைஞர்களிடம் கேமரா போன் இருக்கிறது, பெரியவர்களிடம் பொறுமையும் கண்ணும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் மழைக்கு முன் முடிந்துவிடும் வேலை இது. வரும் ஞாயிற்றுக்கிழமை காப்பி முடிந்ததும் கீழே இறங்கி, முதல் மரத்திலிருந்து தொடங்கலாம்.