தரவுத்தளக் காப்புப்படியும் மீட்பும்: சங்கரன்கோவில் போன்ற சிறுநகரச் சூழலை முன்வைத்து

முன்னுரை

விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற சங்கரன்கோவில், 2019ஆம் ஆண்டு நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ளது. இத்தகைய நகரங்களில் நூல் வரவு, கூலிக் கணக்கு, நோயாளர் பதிவு முதலியன பேரேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு மாறிவருகின்றன. நனைந்த பேரேட்டை உலர்த்திப் படிக்கலாம். பழுதுற்ற வட்டில் அவ்வாய்ப்புக் குறைவு. ஆதலால் நிர்வாகிகள் காப்புப்படி எடுக்கின்றனர். படி எடுப்பதும் அதிலிருந்து மீள்வதும் வெவ்வேறு பணிகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

படி இருந்தும் தாமதித்த மீட்பு

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. 5 சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. தாக்குதலுக்குத் தப்பிய காப்புச் சர்வர் ஒன்றிலிருந்து மருத்துவமனைத் தரவு மீட்கப்பட்டதாக நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஆயினும் பெரும்பாலான பணிகள் மீள இரண்டு வாரங்களாயின. அதுவரை பதிவுகள் கையால் எழுதப்பட்டன. ஆகவே நிர்வாகி இரண்டு அளவுகளை முன்னரே முடிவு செய்ய வேண்டும்: எத்தனை மணி நேரத் தரவை இழந்தால் தாங்கலாம், எத்தனை மணி நேரத்தில் பணி தொடர வேண்டும்.

முதல் அளவே படியின் வகையைத் தீர்மானிக்கிறது. ஞாயிறு இரவு முழுப்படி மட்டும் எடுக்கும் அலுவலகத்தில் புதன் பிற்பகல் 3 மணிக்குக் கூலி அட்டவணை தவறுதலாக அழிந்தால், மூன்று நாள் உழைப்பு போய்விடும். ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறிக்கும் பரிவர்த்தனைப் பதிவும் சேமிக்கப்பட்டிருந்தால், ஞாயிறு படியை ஏற்றி, அப்பதிவை 2.59 மணி வரை ஓட்டி நிறுத்தலாம். உடனுக்குடன் நகலெடுக்கும் இரட்டைச் சர்வர் இங்கு உதவாது. அழிப்பையும் அது நொடியில் நகலெடுத்துவிடும். இதனைக் காப்புப்படி எனக் கருதுவது பரவலான பிழை.

படியின் இருப்பிடம்

மூலமும் படியும் ஒரே அறையில் இருத்தல் கூடாது என்பது பலரும் அறிந்ததே. எவ்வளவு தொலைவு என்பதே வினா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது, தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. சங்கரன்கோவில் அலுவலகம் தன் இரண்டாம் படியைத் திருநெல்வேலியில் வைப்பது வசதியானது. ஆனால் ஒரே மழை இரண்டையும் தொடக்கூடும். மதுரையோ கோயம்புத்தூரோ தகும். மற்றொரு படி வலையமைப்பிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட வட்டில் இருத்தல் நலம். ரான்சம்வேர் அதனை எட்டாது.

சோதனை மீட்பு

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் முதன்மைச் சர்வரின் தரவைத் தவறுதலாக அழித்தார். அன்றாடப் படி மென்பொருள் பதிப்பு முரண்பாட்டால் நெடுநாளாகவே தோல்வியுற்றிருந்தது. அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் சென்று சேரவில்லை. ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு முன் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட வட்டுப்படியே கைகொடுத்தது. பெருநிறுவனத்திற்கே இந்நிலை என்றால், கணக்கரே நிர்வாகியாகவும் இருக்கும் அலுவலகத்தில் சோதனை இன்னும் இன்றியமையாதது. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் படியை ஏற்றி, ஆகும் நேரத்தைக் குறித்து, அட்டவணைகளின் வரி எண்ணிக்கையையும் கடைசி ரசீது எண்ணையும் மூலத்துடன் ஒப்பிட வேண்டும். இதனைப் படி எடுப்பவரல்லாத மற்றொருவர், எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்துச் செய்வது சிறப்பு.