ஜல்லிக்கட்டுக்கு ஒரு பேட்டரி கிரிப்

பத்திரிகை போட்டோகிராபர்களின் கேமராவுக்கு அடியில் இன்னொரு பெட்டி மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பேட்டரி கிரிப். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், கூடவே ஒரு செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் கேமராவும் வாங்கி விடுகிறார்கள். அந்த செட்டில் கிரிப்பும் சேர்ந்து வந்தால், அதை என்ன செய்வதென்று தெரியாமல் அட்டைப் பெட்டியிலேயே போட்டு வைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு ஊர் அலங்காநல்லூர். தை 1-ல் அவனியாபுரம், 2-ல் பாலமேடு, 3-ல் எங்கள் ஊர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும். காலையில் முனியாண்டி கோயில் காளையை அவிழ்த்து விட்டதும் தொடங்குகிறது. அதன்பின் மாலை வரை வாடிவாசலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஒரு காளை வெளியே வந்து களத்தைத் தாண்டிப் போக சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் காளை உங்களுக்காக நிற்காது. கேலரியில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது, கேமராவைத் திருப்பி மூடியைத் திறந்து பேட்டரி மாற்றுவதும் நடக்கிற காரியமல்ல. தூசி வேறு.

என்னிடம் இருப்பது கேனன் 70டி. 2013-ல் வந்த மாடல். இதற்கான கிரிப் பிஜி-இ14. இதே கிரிப் 80டி, 90டி மாடல்களுக்கும் பொருந்தும். வேறு மாடல் வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள கிரிப்பைத்தான் வாங்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று எதையாவது வாங்காதீர்கள்.

மாட்டுவது எளிது. கேமராவை ஆஃப் செய்து பேட்டரியை வெளியே எடுங்கள். பேட்டரி அறையின் மூடியில் சிறிய லீவர் இருக்கும். அதை நகர்த்தினால் மூடி தனியாகக் கழன்று வரும். உடைந்து விட்டதோ என்று பயப்பட வேண்டாம், கழற்றுவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த மூடியைச் செருகி வைக்க கிரிப்பிலேயே இடம் உண்டு. கிரிப்பின் மேலே நீண்டிருக்கும் பகுதியை பேட்டரி அறைக்குள் நுழைத்து, சக்கரத்தைத் திருகி இறுக்குங்கள். பிறகு கிரிப்பின் உள்ளே இருக்கும் தட்டை உருவி, அதில் எல்பி-இ6 பேட்டரி இரண்டைப் போட்டுத் திரும்பச் செருக வேண்டும். ஒரு பேட்டரி மட்டும் போட்டாலும் வேலை செய்யும்.

மாட்டியதும் மெனுவில் பேட்டரி இன்ஃபோ பகுதியைத் திறந்து பாருங்கள். இரண்டு பேட்டரிகளிலும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தனித்தனியாகக் காட்டும். கீழே ரீசார்ஜ் பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றும் பச்சை என்றால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. சிவப்பு வந்தால் அதற்கு வயதாகி விட்டது. செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் கடையில் நின்றே இதைப் பார்த்து விட வேண்டும்.

இந்தக் கேமராவுக்கு ஒரு சார்ஜில் சுமார் 920 படங்கள் என்று கேனன் சொல்கிறது. அது வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து, பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்தால் வரும் கணக்கு. திரையைப் பார்த்தே எடுத்தால் 210 படம்தான்! எனவே கிரிப் வாங்கும் முன் திரையைப் பார்த்து எடுக்கும் பழக்கத்தை விட முடியுமா என்று பாருங்கள். காசு செலவில்லாத வழி அது.

கிரிப்போடு இன்னொரு தட்டும் வரும். அதில் ஏஏ என்று குறிக்கப்படும் பென்டார்ச் பேட்டரி ஆறு போடலாம். ஏன் ஆறு? ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 7.2. எல்பி-இ6 பேட்டரியின் வோல்டேஜும் அதேதான். இது அவசரத்துக்கு மட்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதா பேட்டரிகள் தாங்காது. புதிது, பழையது கலந்து போடவும் கூடாது.

கிரிப் மாட்டினால் கேமராவின் வேகம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் அப்படியல்ல. நிக்கான் டி300 மாடலில் அது உண்மை. விநாடிக்கு 6 படம் எடுக்கும் அந்தக் கேமரா, எம்பி-டி10 கிரிப்பில் 11.1 வோல்ட் இஎன்-இஎல்4ஏ பேட்டரி போட்டால் 8 படம் எடுக்கும். அதன் வழக்கமான பேட்டரி 7.4 வோல்ட்தான். வோல்டேஜ் அதிகமானால் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் மோட்டார் வேகமாக ஓடும். 70டி-யில் கிரிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 7 படம்தான்.

என்னைக் கேட்டால், பேட்டரிக்காக மட்டும் என்றால் சட்டைப் பையில் ஒரு உபரி பேட்டரி போதும். கிரிப்பின் உண்மையான பயன் அதிலுள்ள பட்டன்கள்தான். வீரர் திமிலைப் பிடித்துத் தொங்க, காளை முன்னங்காலைத் தூக்கி எழும்பும் காட்சி நெட்டுவாக்குப் படம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் வலது முழங்கை மேலே போகும். கேலரியில் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் இடிக்கும், நம் கையும் ஆடும். கிரிப்பில் இன்னொரு ஷட்டர் பட்டன் இருப்பதால் முழங்கை உடம்போடு ஒட்டியே இருக்கும். மெயின் டயல், ஃபோகஸ் பாயின்ட் தேர்வு, ஏஎஃப்-ஆன், எக்ஸ்போஷர் லாக் பட்டன்களும் அங்கேயே உண்டு.

"மாமா, கிரிப் பட்டன் செத்துப் போச்சு" என்று போன பொங்கலுக்கு அக்கா மகன் கேமராவை நீட்டினான். கிரிப்புக்கென்று தனியாக ஓர் ஆன்/ஆஃப் சுவிட்ச் இருக்கிறது. அது ஆஃபில் இருந்தது, அவ்வளவுதான்! அது ஆஃபில் இருந்தாலும் கேமராவுக்கு கரண்ட் வரும், மேலேயுள்ள ஷட்டரும் வேலை செய்யும். கிரிப்பிலுள்ள பட்டன்கள் மட்டும் செய்யாது. கிடைவாக்கில் எடுக்கும்போது உள்ளங்கை பட்டு ஷட்டர் அழுந்தாமலிருக்கவே இந்த ஏற்பாடு. நிக்கான் கிரிப்பில் சுவிட்சுக்குப் பதில் ஷட்டரைச் சுற்றி ஒரு லாக் வளையம் இருக்கும்.

இன்னொன்று. கேனன் கேமராவின் பின்பக்கத்திலுள்ள பெரிய டயல் இந்தக் கிரிப்பில் இல்லை. எம் மோடில் அப்பர்ச்சரை மாற்ற மறுபடி கையை மேலே கொண்டு போக வேண்டும். அதனால் நான் டிவி மோடில் 1/1000 விநாடி வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு விடுவேன். மெயின் டயல் ஒன்றே போதும்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். நெட்டுவாக்கில் எடுத்த படங்களை ஏற்றியதும் காளை படுத்துக் கிடப்பதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்ற குறிப்பு படத்தோடு பதிவாகிறது. மெனுவில் ஆட்டோ ரொட்டேட்டை கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஆன் செய்து வையுங்கள். விண்டோஸ் 7 அந்தக் குறிப்பைப் படிக்காது, விண்டோஸ் 8 முதல் படிக்கும். ஆனால் கேலரியிலிருந்து கேமராவை நன்றாகக் கீழே சாய்த்து எடுத்தால் திசை தவறாகப் பதிவாகலாம். கோல்டரைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி அந்தப் படங்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் க்ளிக் செய்து ரொட்டேட் கொடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து விடும். அதற்கு முன் ஒரிஜினல் படங்களை வேறொரு கோல்டரில் காப்பி செய்து கொள்ளுங்கள்.

பொங்கல் முடிந்ததும் கிரிப்பிலிருந்து பேட்டரிகளை எடுத்து விட வேண்டும். ஏஏ பேட்டரியாக இருந்தால் கட்டாயம், இல்லாவிட்டால் கசிந்து உள்ளே துருப்பிடிக்கும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் 2015, 2016-ல் எங்கள் வாடிவாசல் திறக்கவில்லை. 2017 பிப்ரவரி 10 அன்றுதான் மறுபடி காளைகள் வந்தன. அதுவரை கிரிப் பீரோவில் காலியாக இருந்தது. பேட்டரிகளை மூடி போட்டுத் தனியே வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் சார்ஜ் ஏற்றி வந்தேன். பிப்ரவரி 9 இரவு முழு சார்ஜ் போட்டு மாட்டியபோது இரண்டுமே மூன்று பச்சைக் கட்டம் காட்டின.