ரத்தப் பைக்கு முன்னால் ஒரு படிவம்

ரத்த தானம் செய்யும்போது பையோடு சேர்த்துச் சின்னக் குழாய்களிலும் கொஞ்சம் ரத்தம் பிடிப்பார்கள். பரிசோதனைக்குப் போவது அந்தக் குழாய்கள்தான். எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்காத ரத்தத்தை யாருக்கும் ஏற்றக்கூடாது என்பது இந்தியாவில் சட்டம். முடிவு வரும்வரை பையைத் தனியே வைத்திருப்பார்கள். ஒன்றில் தொற்று தெரிந்தாலும் அந்தப் பை அழிக்கப்படும்.

இவ்வளவு இருந்தும் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தெரியவந்து தமிழகமே பதறியது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்த கொடையாளரே வந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடிய அந்த அலட்சியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆனால், யாரும் தவறு செய்யாதபோதும் ஓர் ஆபத்து மிஞ்சுகிறது. கிருமி உடலில் நுழைந்த உடனே சோதனையில் சிக்காது. எச்ஐவிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா சோதனையில் தொற்று தெரியச் சுமார் மூன்று வாரம் ஆகலாம். கிருமியின் மரபணுவையே தேடும் ‘நாட்’ சோதனை அந்த இடைவெளியைப் பத்துப் பன்னிரண்டு நாளாகக் குறைக்கிறது, அடியோடு ஒழிப்பதில்லை. செலவு அதிகம் என்பதால் இங்கே அது கட்டாயமாக்கப்படவும் இல்லை. கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளர் நிரப்பும் படிவம்தான். சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, மஞ்சள் காமாலை வந்ததா, பாதுகாப்பற்ற உடலுறவு உண்டா என்று அதில் கேட்பார்கள். பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். உறவினருக்கு ரத்தம் கொடுக்க வந்தவர் பாடு இன்னும் கஷ்டம்: மாமாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நிற்கும்போது எப்படி உண்மையைச் சொல்வார்? அவரைத் தனியே அழைத்துப் பேசுவது ரத்த வங்கியின் கடமை. கொடுக்க முடியாது என்கிறவரிடம் காரணம் கேட்டுக் குடையாமல் இருப்பது குடும்பத்தாரின் கடமை.

எச்ஐவி இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ரத்த தான முகாமுக்குப் போகாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். அங்கே பரிசோதனை இலவசம். முடிவை ரகசியமாக வைத்திருப்பார்கள்.